மாமையும் விளம்பரப் பெண்ணும்

கண்டி மாநகரிலும் அதனைச் சூழ்ந்த மலையகப் பட்டினங்களிலும் தென்னிந்தியத் தமிழ்த் திரைப்படங்கள் தலைமுறைகளாகப் பார்க்கப்பட்டு வருகின்றன. படமாளிகைக்குச் செல்லாதோரையும் சுவரொட்டி எட்டிவிடும். வெயிலில் நின்று கொழுந்து பறிக்கும் பெண்கள் வாழும் இப்பிரதேசத்தில், அச்சுவரொட்டிகள் காட்டும் நாயகி பெரும்பாலும் வெண்ணிறத்தவளே. இவ்வழகுணர்வு தமிழரின் தொன்மரபு எனக் கருதுவோர் உளர். வரலாறு அக்கருத்துக்கு அரண் செய்யவில்லை.

சங்க அகப்பாடல்கள் தலைவியின் மேனியழகை 'மாமை' எனப் போற்றின. அது மாந்தளிரை ஒத்த நிறம். தலைவனின் பிரிவால் அந்நிறங் கெட்டு மேனி வெளிறுவதே 'பசலை'. வள்ளுவரும் 'பசப்புறு பருவரல்' என ஓர் அதிகாரம் வகுத்தார். வெளிறல் ஆங்கு நோயின் குறியேயன்றி அழகின் குறியன்று. மாத்தளை மாவட்டத்துச் சிகிரியாவின் ஐந்தாம் நூற்றாண்டு ஓவியங்களிலும் பொன்னிற மகளிரும் கருநிற மகளிரும் அருகருகே தீட்டப்பட்டுள்ளனர். கருநிறத்தாரைப் பணிப்பெண்கள் என்றனர் சிலர். பரணவிதானவோ பொன்னிறத்தாரை மின்னலாகவும் கருநிறத்தாரை மேகமாகவும் கண்டார்.

நடிகையின் நிறத்தை விற்பனைப் பொருளாக்கியது நவீன விளம்பரமே. 1941இல் லீலா சிட்னிஸ் லக்ஸ் சவர்க்கார விளம்பரத்தில் தோன்றிய முதல் இந்திய நடிகையானார். அன்றுதொட்டு நடிகையின் மேனியே சவர்க்காரத்தின் நற்சான்றிதழாயிற்று. 1975இல் 'பெயார் அன்ட் லவ்லி' களிம்பு இந்தியாவில் அறிமுகமாயிற்று. அதே ஆண்டில் 'அபூர்வ ராகங்கள்' மூலம் ரஜினிகாந்தும் அறிமுகமானார். கருமை ஆணுக்குக் கவர்ச்சியாகத் தொடங்கிய காலமும், வெண்மை பெண்ணுக்குக் கடமையாகத் தொடங்கிய காலமும் ஒன்றாதல் நோக்கற்பாலது.

1978இல் வெளிவந்த பாலசந்தரின் 'தப்புத்தாளங்கள்' படத்தில் ரஜினிகாந்தும் சரிதாவும் இணைந்து நடித்தனர். இருவரும் மாநிறத்தவர். ரஜினிகாந்த் உச்ச நட்சத்திரமானார். சரிதாவோ நாயகியாகப் பல படங்களிற் புகழ்பெற்றும், பின்னாளில் நக்மா முதலிய நடிகையருக்குக் குரல் வழங்குபவரானார். இதற்கு நிறம் ஒன்றே காரணம் எனல் மிகையாகும். ஆயினும், திரைக்கு வேண்டிய குரல் ஒருத்தியிடமும் முகம் இன்னொருத்தியிடமும் பெறப்பட்டமை சிந்தனைக்குரியது.

2007இல் வெளிவந்த 'சிவாஜி' இவ்வேறுபாட்டை வெளிப்படையாகவே காட்டியது. அப்படத்து நாயகன் தன் கருமையை எண்ணி வருந்தி, வெண்மை பெற முயன்று, ஈற்றில் தன் நிறத்துடனேயே வெற்றி பெறுகிறான். கரிய ஒப்பனையிட்ட இரு பெண்களோ நகைப்புக்கு மட்டுமே பயன்பட்டனர். அவர்களுக்குச் சூட்டப்பட்ட பெயர்கள் அங்கவை, சங்கவை. தந்தையையும் நாட்டையும் இழந்த பாரிமகளிரின் பெயர்கள் அவை.

2020இல் மேற்குறித்த களிம்பின் பெயர் 'குளோ அன்ட் லவ்லி' என மாற்றப்பட்டது. பெயரை மாற்றுதல் எளிது. பார்வையை மாற்றுதலே அரிது. மாமை என்னுஞ் சொல்லைப் பரீட்சைக்காக மனனஞ் செய்யும் மலையக மாணவி, அது தன் நிறத்தின் பெயரே என உணருமாறு இலக்கியங் கற்பிக்கப்படுதல் வேண்டும்.