பெயரும் பெட்ரோலும்

1888ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பெர்த்தா பென்ஸ் என்னும் ஜெர்மானிய அம்மையார், தம் கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய மூன்று சக்கர மோட்டார் வண்டியில் தம் மகன்கள் இருவருடன் மன்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் நோக்கிப் புறப்பட்டார். வழியில் எரிபொருள் குறைந்தது. வீஸ்லோக் என்னும் ஊரில் இருந்த மருந்துக் கடையில், கறை போக்குவதற்காக விற்கப்பட்ட லிக்ரோயின் என்னும் பெட்ரோலிய நீர்மத்தை வாங்கி ஊற்றிக்கொண்டு பயணத்தைத் தொடர்ந்தார். அன்று பெட்ரோல் நிலையம் என்ற ஒன்றே இல்லை. ஒரு நிறுவனத்தின் பெட்ரோல் உயர்ந்தது, மற்றொன்றினது தாழ்ந்தது என்னும் பேச்சும் இல்லை.

இன்றோ சாலைதோறும் வண்ணப் பலகைகள் மின்னுகின்றன. பெயர் பெற்ற நிறுவனத்தின் பெட்ரோல்தான் வண்டிக்கு நல்லதா, பெயரறியாத மலிவுப் பெட்ரோலே போதுமா என்னும் வினா வண்டி வைத்திருப்போர் பலருக்கும் உண்டு. மோட்டார் வண்டி மக்கள் வாழ்வோடு இரண்டறக் கலந்துவிட்ட அமெரிக்க நாட்டின் வரலாறு இவ்வினாவிற்குத் தெளிவான விடை பகர்கிறது.

பெயர் என்னும் வாக்குறுதி

அமெரிக்காவில் எண்ணெய் வணிகம் விளக்கெரிக்கும் மண்ணெண்ணெயுடன் தொடங்கியது. எளிதில் தீப்பற்றும் இலேசான நீர்மங்கள் கலந்துவிட்ட மண்ணெண்ணெய் விளக்கில் வெடித்து உயிர்களைக் குடித்தது. 1870ஆம் ஆண்டில் ஜான் ராக்ஃபெல்லர் தம் நிறுவனத்திற்கு ‘ஸ்டாண்டர்டு ஆயில்’ எனப் பெயரிட்டதன் நோக்கம் இதனால் விளங்கும். எங்கு வாங்கினும் ஒரே தரம் என்பதே அப்பெயர் அளித்த வாக்குறுதி. அக்காலத்தில் பெட்ரோல், மண்ணெண்ணெய் வடிக்கும்போது எஞ்சும் வேண்டாப் பொருளாகவே கருதப்பட்டது. ஆற்றில் கொட்டிய ஆலைகளும் உண்டு. மோட்டார் வண்டி பெருகியபின் அவ்வேண்டாப் பொருளே தலைமைப் பொருளாயிற்று.

1911ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி ஸ்டாண்டர்டு ஆயில் 34 நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் தனித்தனிக் கடை வைத்ததுபோல் பல பெயர்கள் தோன்றின. கலப்படத்திற்கு அஞ்சிய மக்கள் பார்த்து வாங்க வேண்டுமென்றே, மேற்பகுதியில் கண்ணாடி உருளை பொருத்திய பம்புகள் வந்தன. பெட்ரோலின் அளவையும் நிறத்தையும் வாங்குவோர் கண்ணால் காண முடிந்தது. ஆயினும் கண்ணுக்குப் புலப்படாத ஒன்று விரைவில் அதனுள் புகுந்தது.

மறைக்கப்பட்ட காரீயம்

இயந்திரத்தினுள் பெட்ரோல் முறைதவறி எரியும்போது ‘தட்டல்’ என்னும் ஒலி எழும். ஆற்றல் வீணாகும், இயந்திரமும் கெடும். இக்குறையைத் தீர்க்க, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆய்வாளர் தாமஸ் மிட்ஜ்லி 1921ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு வழி கண்டார். டெட்ரா எத்தில் காரீயம் என்னும் கலவையைச் சிறிதளவு சேர்த்தால் தட்டல் அடங்கியது. காரீயம் நஞ்சு என்பது உலகம் நெடுங்காலமாக அறிந்த உண்மை. எனவே அச்சொல்லை விடுத்து, ‘எத்தில்’ என்னும் இனிய பெயருடன் அப்பெட்ரோல் 1923ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. சாதாரணப் பெட்ரோலைவிட விலை கூடியது. சிறந்தது என விளம்பரம் செய்யப்பட்டது.

1924ஆம் ஆண்டு அக்டோபரில் நியூ ஜெர்சி மாநிலத்து ஆலையொன்றில் இக்கலவையைச் செய்த தொழிலாளருள் ஐவர் சித்தம் கலங்கி மாண்டனர். மேலும் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அம்மாத இறுதியில் மிட்ஜ்லி செய்தியாளர் முன்னிலையில் அந்நீர்மத்தில் கைகளைக் கழுவி, அதன் ஆவியை முகர்ந்தும் காட்டி, அஞ்சத் தேவையில்லை என்றார். அதற்கு முந்திய ஆண்டில் காரீய நஞ்சினால் நலங்குன்றி ஓய்வெடுத்தவரும் அவரே! 1925ஆம் ஆண்டில் வாஷிங்டனில் கூடிய மாநாட்டில் மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் முதலானோர் எச்சரித்தும், அடுத்த ஆண்டில் விற்பனை மீண்டும் தொடங்கியது.

1965ஆம் ஆண்டில் புவி வேதியியல் அறிஞர் கிளேர் பேட்டர்சன், மக்கள் உடலில் சேரும் காரீயத்தின் அளவு இயற்கை நிலையைவிட மிகப் பன்மடங்கு கூடியிருப்பதை எடுத்துக்காட்டினார். குழந்தைகளின் அறிவு வளர்ச்சியைக் காரீயம் குலைக்கிறது என்பதைப் பின்வந்த ஆய்வுகள் உறுதி செய்தன. அமெரிக்கச் சாலைகளில் காரீயப் பெட்ரோல் 1996இலும், சிங்கப்பூரில் 1998இலும் முற்றிலும் விலக்கப்பட்டது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021இல் அதனைக் கைவிட்டது. புகழ்பெற்ற பெயரொன்று நஞ்சை நூறாண்டுக் காலம் உலகெங்கும் உலவவிட்டது. பெயரை மட்டும் நம்பியதற்கு மாந்தர் கொடுத்த விலை இது.

அளவுகோல் பிறந்தது

இவ்வரலாற்றில் வியப்பான செய்தியொன்றும் உண்டு. அதே எத்தில் நிறுவனத்தில் பணியாற்றிய கிரஹாம் எட்கர் என்பவரே, 1926ஆம் ஆண்டில் பெட்ரோலை அளக்கும் கோலையும் உலகிற்கு வழங்கினார். தட்டலை நன்கு தாங்கும் ஐசோ ஆக்டேனுக்கு 100 எனவும், சிறிதும் தாங்காத ஹெப்டேனுக்கு 0 எனவும் கொண்டு அமைந்ததே ஆக்டேன் எண். 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி இவ்வெண்ணைப் பம்பின்மீது காட்டுவது கட்டாயமாயிற்று.

ஆக்டேன் எண், தட்டலைத் தாங்கும் திறனைக் காட்டுமேயன்றி ஆற்றலையோ தூய்மையையோ காட்டாது. 87 எண் போதுமென அமைக்கப்பட்ட இயந்திரத்திற்கு 93 எண் பெட்ரோலை ஊற்றுவதால் பயனில்லை. உயர்தரப் பெட்ரோல் பராமரிப்புச் செலவைக் குறைக்கும் என எக்ஸான் நிறுவனம் விளம்பரம் செய்தபோது, கூட்டரசு வணிக ஆணையம் 1996இல் அதன்மீது நடவடிக்கை எடுத்தது. பெரும்பாலான வண்டிகளுக்குச் சாதாரணப் பெட்ரோலே ஏற்றது என்னும் உண்மையை அந்நிறுவனமே விளம்பரப்படுத்த 1997இல் இணங்கிற்று.

ஒரே குழாய், பல பெயர்கள்

ஹூஸ்டன் நகரிலிருந்து நியூயார்க் வட்டாரம் வரை செல்லும் கொலோனியல் குழாய்வழி 1960களில் இயங்கத் தொடங்கியது. ஒரே தர அளவுக்கு உட்பட்ட பல நிறுவனங்களின் பெட்ரோல் இத்தகைய குழாய்களில் ஒன்றாகக் கலந்தே செல்கிறது. ஒருவர் அனுப்பிய பெட்ரோலே அவருக்குப் போய்ச் சேரும் என்பதில்லை. அதே தரமுடைய அதே அளவு போய்ச் சேரும். பெயர் மாறுவது சேமிப்புக் கிடங்கில் லாரியில் நிரப்பும்போதுதான். ஒவ்வொரு நிறுவனமும் தனக்குரிய துப்புரவுக் கலவையை அப்போது சிறிதளவு சேர்க்கிறது. பெயருக்கும் பெயருக்கும் உள்ள வேற்றுமை பெரும்பாலும் அவ்வளவே.

அச்சிறிதளவு வெறும் பேச்சுக்குரியதா? வால்வுகளில் கரி படியாமல் காப்பது அதன் பணி. 1970ஆம் ஆண்டில் கலிபோர்னியா ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனம், தன் செவ்ரான் பெட்ரோலில் சேர்த்த ‘எஃப்-310’ என்னும் கலவைக்குப் பெரும் விளம்பரம் செய்தது. வண்டியின் புகைபோக்கியில் கட்டிய பலூன் முதலில் கருமையாகவும், அக்கலவையைப் பயன்படுத்தியபின் தெளிவாகவும் காட்டப்பட்டது. முதலில் காட்டிய வண்டி வேண்டுமென்றே மிகுதியாக அழுக்கேற்றப்பட்டது என்பதையும், தெளிந்த பலூனிலும் கண்ணுக்குத் தெரியாத மாசுகள் இருக்கும் என்பதையும் வணிக ஆணையம் எடுத்துக்காட்டியது. விளம்பரம் மக்களை மயக்குவதே என்பதை 1978இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏற்றது. கலவைக்குப் பயன் உண்டு. காட்டிய அளவு உண்டா என்பதே வழக்கு.

1995ஆம் ஆண்டு முதல் எல்லாப் பெட்ரோலிலும் குறைந்த அளவு துப்புரவுக் கலவை இருத்தல் வேண்டுமென அமெரிக்க அரசு விதித்தது. அந்த அளவு போதாதெனக் கருதிய பி.எம்.டபிள்யூ, ஜெனரல் மோட்டார்ஸ், ஹோண்டா, டொயோட்டா ஆகிய நிறுவனங்கள் 2004இல் ‘டாப் டியர்’ என்னும் உயர்ந்த தர அளவை வகுத்தன. 2016இல் அமெரிக்க மோட்டார் வாகனச் சங்கம் 100 மணிநேரச் சோதனை நடத்தியது. அத்தர அளவை எட்டாத பெட்ரோல், எட்டியதைவிடச் சராசரியாக 19 மடங்கு கரியை வால்வுகளில் படியவிட்டது. விலை வேறுபாடோ காலனுக்குச் சராசரி 3 சென்டு மட்டுமே. மலிவு விலைக்குப் பெயர்போன கோஸ்ட்கோ நிலையங்களின் பெட்ரோலும் அத்தர அளவை எட்டியதே என்பது கருதத்தக்கது.

ஆகவே, பெட்ரோலுக்குப் பெட்ரோல் வேறுபாடு உண்டு என்பதும் உண்மை. அவ்வேறுபாட்டைப் பெயரோ விலையோ காட்டிக்கொடுப்பதில்லை என்பதும் உண்மை. வண்டியின் கையேடு கூறும் ஆக்டேன் எண்ணும், துப்புரவுக் கலவையின் தர அளவுமே பார்க்கத்தக்கவை. பெட்ரோலின் வரலாறு உணர்த்தும் பாடம் வண்டியோடு முடிவதன்று. பெயர் தருவது வாக்குறுதி மட்டுமே. அது காக்கப்பட்டதா என அறிய, எவரும் எடுத்து அளக்கத்தக்க பொதுவான அளவுகோல் ஒன்று வேண்டும். அந்த அளவுகோல் இல்லாத இடத்தில் ‘எத்தில்’ என்னும் இனிய சொல் காரீயத்தை மறைத்தது. அளவுகோல் வந்தபின் எக்ஸானே தன் சொல்லைத் திருத்திக்கொள்ள நேர்ந்தது.