ஒரே கணினியில் பல வலைவழங்கிகள்

ஒரே கணினியில் பல வலைவழங்கிகளை, அதாவது வெப் சர்வர்களை, ஒரே சமயத்தில் இயக்குவது இணையதளம் உருவாக்குவோருக்கு அன்றாட வேலை. ஒன்றில் பழைய பதிப்பு ஓடும், இன்னொன்றில் புதியது ஓடும். இவை அனைத்தையும் ஒரே அமைப்புக் கோப்பில் எழுதி இயக்கும் முறை ஒரே நாளில் வந்ததல்ல.

தடையாக நின்றது போர்ட் எண். கணினிக்கு வரும் செய்தி எந்த நிரலுக்கு உரியது என்று காட்டும் எண் அது. ஒரு முகவரியில் ஓர் எண்ணை ஒரு நிரல்தான் பிடித்துக்கொள்ள முடியும். டிம் பெர்னர்ஸ்-லீ 1990 டிசம்பரில் செர்ன் ஆய்வகத்தில் முதல் வலைவழங்கியை இயக்கினார். பின்னர் வலைக்கென 80 என்ற எண் ஒதுக்கப்பட்டது. ஆனால் யூனிக்ஸ் கணினிகளில் 1024-க்குக் கீழுள்ள எண்கள் நிர்வாகிக்கு மட்டுமே உரியவை. ஆகவே மற்றவர்கள் 8080-ஐப் பிடித்தார்கள். எல்லோரும் அதையே பிடித்ததால் அங்கும் இடநெருக்கடிதான்.

1999-இல் சன் நிறுவனம் அப்பாச்சி அறக்கட்டளைக்கு வழங்கிய டாம்கேட்டில் இச்சிக்கல் நன்றாகத் தெரிந்தது. பொதுவான நிரலை ஓர் அடைவிலும், ஒவ்வொரு வழங்கிக்கும் உரிய அமைப்பு, பதிவேடு ஆகியவற்றைத் தனித்தனி அடைவிலும் வைக்க அதில் வழி உண்டு. முன்னது கேட்டலினா ஹோம், பின்னது கேட்டலினா பேஸ். நிரலை நகலெடுக்கத் தேவையில்லை. ஆனால் டாம்கேட் 8080-ஐத் தவிர, நிறுத்தும் கட்டளைக்காக 8005-ஐயும் பிடித்துக்கொள்ளும். முதல் எண்ணை மாற்றி இரண்டாவதை மறந்தவர்கள் ஏராளம். அப்போது இரண்டாவது வழங்கி எழும்பாது. அதை நிறுத்துவதாக நினைத்துக் கட்டளை கொடுத்தால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த முதல் வழங்கி நின்றுபோகும்!

டாம்கேட்டைத் தொகுப்பதற்காக எழுதப்பட்ட ஆன்ட், 2000-இல் தனிக் கருவியாக வெளிவந்தது. 2004-இல் மேவன் 1.0 வந்தது. மேவனின் ஒரே கோப்பில் பல ஜெட்டி வழங்கிகளை வரிசையாக எழுதலாம். 'ரன்' என்ற கட்டளையைக் கொடுத்தால் முதல் வழங்கியிலேயே வேலை நின்றுவிடும், அடுத்ததன் முறை வராது. 'ஸ்டார்ட்' கொடுத்தால் அடுத்ததற்கு நகரும். தொகுப்பு வேலை முடிந்ததும் அவ்வழங்கிகளும் மறைந்துவிடும். சோதனைக்கு அது வசதியே.

இந்தியாவில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, இஆர்பிநெக்ஸ்ட் மென்பொருளை உருவாக்கிய மும்பையின் ஃபிராப்பே நிறுவனத்துடைய 'பெஞ்ச்' கருவி. ஒரு பெஞ்சில் உள்ள தளங்கள் ஒரே நிரலைப் பகிர்ந்துகொள்ளும், தரவுத்தளம் தனித்தனி. புதிய பெஞ்ச் அமைக்கும்போது, பக்கத்து அடைவுகளில் உள்ள பெஞ்சுகளின் எண்களை அது பார்க்கும். 8000 இருந்தால் தானே 8001-ஐ எடுத்துக்கொள்ளும். டாம்கேட் காலத்தில் மனிதர் நினைவில் வைத்திருக்க வேண்டியதை இங்கே கருவியே பார்த்துக்கொள்கிறது. வேறிடத்தில் வைத்த பெஞ்ச் மட்டும் அதன் கண்ணில் படாது. அங்கே எண்ணைக் கையால்தான் மாற்ற வேண்டும்.