அணை நீர்த் திறப்பும் ஆற்று மீன்களின் நலமும்: அருப்புக்கோட்டை – திருச்சுழி வறண்ட நிலப் பகுதி

அணையில் தேக்கிய நீரைப் பாசனம், குடிநீர், மின்னாக்கம், வெள்ளத் தணிப்பு ஆகியவற்றுக்காக மதகு வழியே ஆற்றில் விடுவது அணை நீர்த் திறப்பு எனப்படும். அந்த நீரின் அளவு, வேகம், வெப்பநிலை, கரைந்துள்ள ஆக்சிஜன், திறக்கும் பருவம், நிறுத்தும் விதம் ஆகிய எல்லாமே கீழ்ப்பகுதி மீன்களின் உணவையும் இனப்பெருக்கத்தையும் நோய் எதிர்ப்பையும் பாதிக்கின்றன. வற்றாத ஆறுகளில் அணை, ஓடும் நீரின் இயல்பை மாற்றுகிறது. விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களில் நிலை வேறு. இங்கே ஆண்டின் பெரும்பகுதி ஆறு மணலாகவே கிடக்கிறது. நீர் வரும் சில நாட்களில்தான் அது ஆறாகிறது. ஆகவே எவ்வளவு நீர் வந்தது என்பதைவிட, அது எதைக் கழுவிக்கொண்டு வந்தது, எத்தனை நாள் ஓடியது, எப்படி நின்றது என்பவையே மீனுக்கு முக்கியம்.

நீர்வழிகள்

குண்டாறு மதுரை மாவட்டத்தின் மேற்கு மலையடிவாரத்தில் தோன்றி, திருமங்கலம், காரியாபட்டி, திருச்சுழி, கமுதி வட்டாரங்கள் வழியாக மன்னார் வளைகுடாவை அடைகிறது. வைகை அணை போன்ற பெருந்தேக்கம் இதில் இல்லை. சிறு அணைக்கட்டுகளும் வரத்துக்கால்களும் வெள்ளத்தைக் கண்மாய்களுக்குத் திருப்புகின்றன. இங்கு மழையின் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது.

அணைநீர் இப்பகுதிக்கு இரண்டு வழிகளில் வருகிறது. முதலாவது கிருதுமால் நதி. 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையின் நீர், மதுரையை அடுத்த விரகனூர் மதகணையிலிருந்து கால்வாய் வழியே கிருதுமாலுக்குத் திருப்பப்பட்டு, திருச்சுழி வட்டத்தின் நரிக்குடிப் பகுதிக் கண்மாய்களுக்குச் செல்கிறது. இத்திறப்பு ஆண்டு முழுவதும் கிடைப்பதன்று. அரசாணையின் பேரில் நாட்கணக்கு வைத்து விடப்படுவது.

இரண்டாவது குல்லூர்சந்தை நீர்த்தேக்கம். அருப்புக்கோட்டைக்கு மேற்கே கௌசிகா நதியில் அமைந்த இது வைப்பாற்று வடிநிலத்தைச் சேர்ந்தது. விருதுநகர் நகரின் கழிவுநீர் கௌசிகாவில் கலப்பதால், தேங்கும் நீரின் தரம் நெடுங்காலமாகப் புகாருக்கு உள்ளாகி வருகிறது.

மீன்களும் வறட்சியும்

இப்பகுதியின் நாட்டு மீன்கள் வறட்சிக்குப் பழகியவை. விரால், குரவை, தேளி, பனையேறிக் கெண்டை ஆகியவை செவுளோடு துணைச் சுவாச உறுப்பும் கொண்டிருப்பதால், நீரில் ஆக்சிஜன் குறைந்தாலும் மேலே வந்து காற்றைச் சுவாசித்துப் பிழைக்கும். அயிரை மணலிலும் சேற்றிலும் புதைந்து வாழும். மற்றக் கெண்டை வகைகளுக்கு இந்த வசதி இல்லை. ஆக்சிஜன் குறைந்தால் முதலில் சாவது அவைதான்.

கோடையில் நாட்டு மீன்கள் ஆற்று மடுக்களிலும் கண்மாய்ப் பள்ளங்களிலும் ஒடுங்குகின்றன. புதுவெள்ளம் வந்ததும் நீரோட்டத்தை எதிர்த்து ஏறி, வரத்துக்கால்களிலும் நீர் பரவிய வயல்களிலும் முட்டையிடுகின்றன. மடுவும் கால்வாயும் கண்மாயும் ஒன்றோடொன்று இணையும் இந்தக் குறுகிய காலமே இனப்பெருக்கக் காலம். நீர்த்திறப்பு பருவமழையோடு ஒத்து வந்தால் அது நீள்கிறது. மழைக்கு வெகுகாலம் பின்னரோ கடுங்கோடையிலோ வந்தால், மீன் இடம்பெயர்கிறதே தவிர இனம் பெருகுவதில்லை.

கண்மாய்களில் குத்தகைதாரர்கள் விடும் கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவை வட இந்தியப் பேராறுகளைச் சேர்ந்தவை. தேங்கிய நீரில் இவை இயல்பாக இனம் பெருக்குவதில்லை; குஞ்சுகள் அரசு, தனியார் பண்ணைகளிலிருந்து வருகின்றன. 1952இல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபி மீனோ தேங்கிய நீரிலேயே பெருகும். ஓட்டம் குறைந்த ஆறுகளில் அது நாட்டு மீன்களை மிஞ்சுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாதிக்கும் விதங்கள்

*முதல் நீர்.* மாதக்கணக்கில் காய்ந்த ஆற்றுப்படுகையில் சருகு, சாணம், குப்பை, சாக்கடைக் கசடு ஆகியவை சேர்ந்திருக்கும். திறந்துவிடும் முதல் நீர் இவற்றை வாரிக்கொண்டு ஓடுகிறது. நுண்ணுயிர்கள் இக்கசடைச் சிதைக்கையில் நீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. மதுரை நகருக்குள் கிருதுமால் கழிவுநீர் ஓடையாகவே மாறிவிட்டதால் அவ்வழியில் இந்த ஆபத்து மிகுதி. வெப்பமும் சேர்ந்துகொள்கிறது: 20 பாகை செல்சியஸில் நன்னீர் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும்; 30 பாகையில் 7.5 மில்லிகிராம்தான்.

*அடிநீர்.* தேக்கத்தின் மேல்நீர் வெயிலில் சூடாகி மிதக்க, காற்றுத் தொடர்பற்ற அடிநீரில் ஆக்சிஜன் குறைந்து, ஹைட்ரஜன் சல்பைடும் கரைந்த இரும்பும் மாங்கனீசும் கூடலாம். அடி மதகைத் திறந்தால் இந்த நீரே ஆற்றுக்கு வருகிறது. தமிழகத்தின் ஆழம் குறைந்த தேக்கங்களில் குளிர்நீரின் பாதிப்பு மிதவெப்ப நாடுகளில் போலக் கடுமையாக இராது. ஆக்சிஜன் குறைவே இங்கு முதன்மையான கேடு.

*வண்டல்.* நீர்மட்டம் தாழ்ந்த நிலையில் திறக்கும்போது சேறு கலந்து வரும். நுண்துகள் செவுள்களில் படிந்து சுவாசத்தைத் தடுக்கிறது. மணலில் இட்ட முட்டைகளை மூடிவிடுகிறது.

*திடீர் நிறுத்தம்.* மதகை ஒரே நாளில் அடைத்தால் ஓட்டத்தை நம்பி ஏறிய மீன்கள் குட்டைகளில் சிக்குகின்றன. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் ஆற்றில் இறங்குவதற்காக வைகையில் விடப்படும் நீர் இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு. கடுங்கோடையில் சில நாள் மட்டும் ஓடும் அந்நீர் வடிந்ததும், எஞ்சிய குட்டைகள் வேகமாகச் சூடேறுகின்றன.

நோய்கள்

நெருக்கமும் ஆக்சிஜன் குறைவும் மீனின் நோய் எதிர்ப்பைக் குலைக்கின்றன. வற்றும் குட்டைகளில் ஏரோமோனாஸ் பாக்டீரியத் தொற்றும் மீன்பேன் தாக்குதலும் எளிதில் பரவும். தென்கிழக்கு ஆசியாவிலிருந்து பரவி 1988இல் இந்தியாவின் வடகிழக்கில் தலைகாட்டிய தொற்றுப் புண் நோய், பின்னர் தென்னிந்தியாவையும் எட்டியது. அஃபனோமைசிஸ் என்னும் பூஞ்சையொத்த உயிரியால் வரும் இந்நோய் விராலையும் குரவையையும் கடுமையாகத் தாக்கும். இதன் வித்துகள் நீரில் நீந்திப் பரவுபவை. மழைக்குப் பிந்தைய குளிர்ந்த நாட்களில் நோய் முற்றும். வறட்சியில் தனித்தனியே கிடந்த கண்மாய்களை இணைக்கும் அதே நீர் நோயையும் கொண்டுசெல்ல வல்லது.

பிற நாடுகளில்

அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் உயர்ந்த அணைகளிலிருந்து விழும் நீரில் காற்று மிகையாகக் கரைந்து, மீன்களின் குருதியில் குமிழ் உண்டாக்கும் நோய் 1960களில் கவனத்துக்கு வந்தது. அருப்புக்கோட்டை வட்டாரத்துக்கு நெருங்கிய ஒப்புமை ஆஸ்திரேலியாவின் டார்லிங் ஆறு. மெனிண்டி என்னும் ஊருக்கருகே 2018–19 கோடையில் ஓட்டம் நின்ற தேக்கங்களிலும், 2023 மார்ச்சில் வெள்ளம் வடிந்தபோதும் ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் பெருந்திரளாக மடிந்தன. நீர் குறைந்தபோதும் மீன் செத்தது. நிறைய வந்து வடிந்தபோதும் செத்தது.

மேலாண்மை

ஆறும் அதை நம்பிய உயிர்களும் வாழத் தேவையான ஓட்டத்தை வரையறுக்கும் கோட்பாடு 2007ஆம் ஆண்டின் பிரிஸ்பேன் பிரகடனத்தால் உலகக் கவனம் பெற்றது. இந்திய அரசு 2018 அக்டோபரில் கங்கைக்குக் குறைந்தபட்ச ஓட்ட அளவுகளை அறிவித்தது. ஆண்டு முழுவதும் ஓடாத குண்டாறு, கிருதுமால் போன்றவற்றுக்கு இத்தகைய நிலையான அளவு பொருந்தாது. இங்கு உதவக்கூடியவை வேறு: திறப்பதற்கு முன் படுகைக் கசடை அகற்றுதல், நீரைப் படிப்படியாகக் கூட்டிப் படிப்படியாகக் குறைத்தல், பருவமழை வெள்ளத்தை ஒட்டித் திறத்தல், ஆற்றின் ஆழ்ந்த மடுக்களை மணல் அள்ளாமல் காத்தல், மீன் ஏறும் நாட்களில் கலுங்கிலும் மடைவாயிலும் வலை கட்டாதிருத்தல். எல்லாவற்றுக்கும் முன்னதாக, நகரக் கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் ஆற்றில் விடுவது நிற்க வேண்டும்.

காவிரி – வைகை – குண்டாறு இணைப்பு

கரூர் மாவட்டம் மாயனூர்க் கதவணையிலிருந்து காவிரியின் வெள்ள உபரிநீரைக் குண்டாறு வரை கொண்டுவரும் இத்திட்டத்துக்கு 2021 பிப்ரவரி 21 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. ஏறத்தாழ 262 கிலோமீட்டர் நீளத்துக்குத் திட்டமிடப்பட்ட கால்வாயின் கடைசிப் பகுதி வைகையையும் குண்டாற்றையும் இணைக்கும். இது நிறைவேறினால் இதுவரை தனித்திருந்த வடிநிலங்களின் மீன்களும், அவற்றோடு அயல் இனங்களும் நோய்க்கிருமிகளும் ஒரே நீரில் கலக்க வழி திறக்கும். வெள்ளக் காலத்தில் மட்டும் வரும் நீர் என்பதால் திறப்பும் நிறுத்தமும் இங்கும் தொடரும். ஆகவே குண்டாற்று மீன்களுக்குத் திட்டத்தின் பயன், கால்வாயின் கொள்ளளவைவிட மதகு இயக்கும் முறையையும் நீரின் தூய்மையையும் பொறுத்தே அமையும்.