மோட்டார் சைக்கிள், ஓட்டாத காலப் பராமரிப்பு

நீண்ட நாள் ஓட்டாமல் நிறுத்தும் பைக்கை வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் உறுமவிடுவது இந்தியாவில் பரவலான வழக்கம். இது நன்மையைவிடத் தீமையே அதிகம் செய்யும். பெட்ரோல் எரியும்போது நீராவி உண்டாகிறது. எஞ்சின் முழுமையாகச் சூடேறாவிட்டால் அது சைலன்சரிலும் எஞ்சின் ஆயிலிலும் நீராகப் படிந்து துருவுக்கு வழிவகுக்கும். செல்ஃப் ஸ்டார்ட் எடுத்துக்கொண்ட மின்சாரத்தை நின்றபடி ஓடும் எஞ்சின் பெரும்பாலும் ஈடுசெய்வதில்லை. முழுச் சார்ஜில் ஏறத்தாழ 12.7 வோல்ட் காட்டும் ஈய-அமில பேட்டரி, குறைந்த சார்ஜில் கிடந்தால் தகடுகளில் சல்பேட் இறுகித் திறன் இழக்கும்.

எஞ்சினை இயக்காவிட்டால் சிலிண்டர் சுவரில் ஆயில் வற்றிவிடுமே என்பது நியாயமான கேள்விதான். அதற்குத் தீர்வு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரைமணி நேரம் சாலையில் ஓட்டுவது; அப்போது செயினும் பிரேக்கும்கூட இயங்கும். அதற்கு வழியில்லையென்றால் புது ஆயில் மாற்றி, பேட்டரியைக் கழற்றி அவ்வப்போது சார்ஜ் செய்து, செயினுக்கு எண்ணெயிட்டு, டயரில் காற்று நிரப்பி, சென்டர் ஸ்டாண்டில் நிழலில் நிறுத்துவதே மேல். பெட்ரோல் கெட்டுவிடும் என்று அஞ்சி டேங்கைக் காலியாக விடுவோரும் உண்டு. ஆனால் இரும்பு டேங்கின் வெற்றிடத்தில் ஈரக்காற்று புகுந்து துருவேற்றும். 20 விழுக்காடு எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் ஈரத்தை ஈர்ப்பதால், டேங்கை நிரப்பிக் காற்றுக்கு இடம் குறைப்பதே சில மாத நிறுத்தத்துக்குப் பொருத்தம். கார்புரேட்டர் வண்டியில் அதன் கிண்ணத்துப் பெட்ரோலை மட்டும் வடித்துவிட வேண்டும். அது ஆவியானால் பிசின் மிஞ்சி ஜெட்டை அடைக்கும்.