குளிரறையை விட்டு வந்த எந்திரம்

ஏட்டுச்சுவடிகளைப் பற்றிப் பேசும்போது கரையானையும் ஈரத்தையும் தூசையும் குறிப்பிடாமல் நம்மால் இருக்க முடிவதில்லை. உ.வே.சாமிநாதையர் தம் சுவடித் தேடலைப் பற்றி எழுதியவற்றுள், கவனிப்பாரின்றிச் சிதைந்த ஏடுகளைக் கண்டு வருந்திய இடங்கள் பல. அவர் தேடிச் சேர்த்தவை 1943இல் அவர் பெயரால் தொடங்கப்பட்ட நூல்நிலையத்தில் இன்று பெசன்ட் நகரில் காக்கப்படுகின்றன. ஆனால் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக நம் எழுத்தைச் சுமந்துவந்த மேசைக் கணினிக்குள் படியும் தூசைப் பற்றி இலக்கிய வட்டங்களில் பேச்சு எழுவது அரிது. அது பழுது பார்ப்பவரின் வேலை என்று ஒதுக்கிவிடுகிறோம். அந்தத் தூசுக்கும் ஒரு வரலாறு உண்டு. கணினி தன் குளிரறையை விட்டு நம் வீட்டுக்குள் வந்த வரலாறுதான் அது.

1946இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் அறிமுகப்படுத்தப்பட்ட எனியாக் என்னும் கணிப்பொறியில் சுமார் 18,000 வால்வுகள் இருந்தன. அது 150 கிலோவாட் அளவுக்கு மின்சாரம் உண்டது. உண்ட மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகவே வெளிவரும் என்பதால், பெரிய ஊதுவிசிறிகளைக் கொண்டு காற்றைச் செலுத்தி அதைக் குளிர்விக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் 2 எந்திரத்துள் ஒரு விட்டில்பூச்சி சிக்கியதையும், அதை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டிவைத்ததையும் கணினி வரலாற்றைப் படித்தவர்கள் அறிவார்கள். வெளியுலகம் உள்ளே புகுந்தால் கணக்குத் தவறும் என்பதை அத்துறை தொடக்கத்திலேயே கண்டுகொண்டது.

ஆகவே எந்திரத்துக்கென்று தனி அறை கட்டினார்கள். சென்னையில் அடையாற்றுக்கு அருகே, கிண்டிக் காட்டை ஒட்டிய இந்திய தொழில்நுட்பக் கழகத்துக்கு 1973இல் ஐ.பி.எம். 370/155 கணிப்பொறி வந்தது. மேற்கு ஜெர்மனியின் உதவியால் 1959இல் தொடங்கப்பட்ட அக்கழகத்துக்கு இதுவும் ஜெர்மானிய உதவியாகவே கிடைத்தது. அத்தகைய பெரும் எந்திரங்கள் சாளரம் மூடிய அறையில், வடிகட்டிக் குளிர்வித்த காற்றில் இயங்கின. காற்றைக் காப்பதும் எந்திரத்தைத் துடைப்பதும் நிறுவனத்தின் பொறுப்பு. அதற்கென்று ஆட்கள் இருந்தார்கள். 1980களிலும் 90களிலும் நம் கல்லூரிக் கணினி அறைகளின் வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்ததைப் பலர் நினைவு வைத்திருப்பார்கள். பயபக்தி என்று அதைக் கேலி செய்ததுண்டு. ஆனால் அதற்கொரு காரணம் இருந்தது.

1981 ஆகஸ்டில் வெளியான ஐ.பி.எம். பெர்சனல் கம்ப்யூட்டர், அறையின் சாதாரணக் காற்றிலேயே வாழக் கற்றுக்கொண்ட எந்திரம். அதன் சில்லு சூடேறியது கொஞ்சமே. பவர் சப்ளையில் இருந்த ஒரு விசிறி போதுமானதாயிற்று. 1984 நவம்பரில் இந்திய அரசின் புதிய கணினிக் கொள்கை இறக்குமதித் தளைகளைத் தளர்த்தியது. அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் உதிரிப் பாகங்கள் குவிந்தன. 1990களில் அங்கே கோத்துக் கொடுத்த கணினிகள் மயிலாப்பூர் மாடியறைகளுக்கும் தியாகராய நகரின் அச்சுக்கோப்பு நிலையங்களுக்கும் போயின. சிற்றிதழ்கள் ஈய எழுத்தைக் கைவிட்டு டி.டி.பி.க்கு மாறிய காலம் அது.

இதே காலத்தில் சில்லின் வெப்பமும் ஏறியது. 1993இல் வந்த முதல் பென்டியம் சுமார் 15 வாட் வெப்பத்தை உமிழ்ந்தது. அதன் தலையில் அலுமினியத் தகடுகளும் தனி விசிறியும் ஏறின. 2004இல் பென்டியம் 4 வரிசையின் சில்லுகள் 100 வாட்டைத் தாண்டின. குளிரறை போய்விட்டது, காற்றின் தேவையோ பெருகிவிட்டது. அதாவது கணினி சென்னையின் தெருக்காற்றைச் சுவாசிக்கத் தொடங்கியது.

அக்காற்றில் இருப்பவை எவை? பருத்தித் துணியின் நூலிழை, வாகனப் புகை, கொசுவர்த்தியும் சாம்பிராணியும் விடும் நுண்துகள், 2020க்குப் பின் மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்துக்காகத் தோண்டிய மண். கடலோர ஈரமும் உப்பும் சேர்வதால் இத்தூசு உதிரியாக நில்லாமல் கம்பளி போல் படிகிறது. நெருக்கமான தகடுகளின் இடைவெளியை அது அடைத்ததும் சில்லு சூடேறுகிறது. விசிறி வேகமெடுத்து இரைகிறது. வேகத்தால் இன்னும் அதிகத் தூசை இழுக்கிறது. சில்லு தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது. பின்பு எந்திரம் தானே அணைகிறது.

இங்கேதான் நமக்கு உண்மையான இழப்பு நேர்கிறது. ஐ.பி.எம். 370 கிண்டிக்கு வந்த அதே 1973இல், அந்நிறுவனம் வின்செஸ்டர் எனப்பட்ட வன்தட்டை அறிமுகப்படுத்தியது. தட்டையும் அதைப் படிக்கும் முனையையும் ஒன்றாக மூடி முத்திரையிட்ட அமைப்பு அது. பின்வந்த வன்தட்டுகள் அவ்வழியையே பின்பற்றின. எனவே தூசு மூச்சைத் திணறடித்த கணினியிலும் எழுத்து பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். நாமோ எந்திரம் செத்துவிட்டதென்று எண்ணி எடைக்குப் போட்டுவிடுகிறோம். ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் கோத்த இதழ்கள், அச்சேறாத மொழிபெயர்ப்புகள், கடிதங்கள் எல்லாம் அதனோடு போகின்றன. ஆற்றில் விட்ட ஏடுகளுக்காக வருந்தும் நாம் இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

சரஸ்வதி பூஜையன்று கணினிக்கும் சந்தனமும் குங்குமமும் இடுகிறோம். சுவடியை எடுத்துத் தட்டித் துடைத்துப் பரிசோதித்து அடுக்குவதற்கும் அந்நாள் உரியது என்பதை நினைவுகூர்ந்தால், மூடியைத் திறந்துபார்ப்பதும் வழிபாட்டில் சேரும். செய்ய வேண்டியவை சிலவே. கணினியைத் தரையில் வைக்காமல் ஒரு முழ உயரத்தில் வைக்கலாம். காற்று புகும் வாயில் மெல்லிய வலைவடிகட்டி பொருத்தி மாதமொருமுறை கழுவி உலர்த்தலாம். வெளியே தள்ளும் விசிறிகளைவிட உள்ளே இழுப்பவை சற்று மிகுந்திருந்தால், வடிகட்டாத காற்று இடுக்குகள் வழியே நுழைவது குறையும்.

ஆறு மாதத்துக்கொருமுறை மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, மாடத்துக்கு எடுத்துச் சென்று, உலோகச் சட்டத்தைத் தொட்டபின் திறக்க வேண்டும். விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு, மென்தூரிகையாலும் விட்டுவிட்டு அடிக்கும் காற்றாலும் தகடுகளைச் சுத்தம் செய்யலாம். ஈரத்துணி கூடாது. வீட்டுத் தூசு உறிஞ்சி நிலைமின்னேற்றத்தால் சில்லுகளைக் கெடுக்கக்கூடும். பவர் சப்ளைப் பெட்டியைத் திறக்கவே கூடாது. இணைப்பைப் பிடுங்கிய பின்னும் அதனுள் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

குளிரறைக் காலத்தில் இவற்றைச் செய்யச் சம்பளத்துக்கு ஆள் இருந்தார். எந்திரம் வீட்டுக்கு வந்தபோது அந்த வேலையும் கூடவே வந்தது; அதை நாம் ஏற்றுக்கொள்ளவில்லை. பரணில் பழைய கணினி வைத்திருக்கும் நண்பர்கள் அதை விற்குமுன் ஒருமுறை திறந்து பார்க்கட்டும். தூசைத் தட்டியும் அது எழாவிட்டால், வன்தட்டை மட்டுமாவது கழற்றி வைத்துக்கொள்ளட்டும்.