சோரும் மாளிகையும் மின்கிதாரும்: மைசூரு ‘அந்தராக்னி’ குறித்துச் சில குறிப்புகள்

மைசூரு அரண்மனையிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ளது அக்ரஹாரம். அதன் பழைய குடியமைப்பைப் பெயரே சொல்லிவிடும். இத்தகைய தெருக்களில் ஹெப்பார், மண்டயம் ஐயங்கார்களின் தமிழ் வீட்டுக்குள்ளும், கன்னடம் வாசலுக்கு வெளியிலும், சமஸ்கிருதம் பூசையறையிலும் புழங்கின. இசைக்கும் இங்குப் பஞ்சமில்லை. பிடாரம் கிருஷ்ணப்பா, அவருடைய மாணவர் சௌடையா, வாசுதேவாச்சாரியார் என நீளும் மரபு ஒருபுறம். மறுபுறம், கர்நாடகக் கீர்த்தனைகள் இயற்றியவரும் 1950இல் லண்டனில் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் ‘கடைசி நான்கு பாடல்கள்’ அரங்கேறப் பொருளுதவி செய்தவருமான ஜயசாமராஜ உடையார்.

இத்தகைய நகரில் 1990களின் இறுதியில் ஒரு ராக் குழு தோன்றியபோது, அதை அரண்மனையின் ‘இருமரபுக் கலப்பு’க்கு நீட்சி என்று எழுதிவிடுவது எளிது. அப்படி எழுதுவது பிழை. அக்குழு தன் சொற்களை அரண்மனையிலிருந்தோ அக்ரஹாரத்திலிருந்தோ எடுக்கவில்லை.

குழுவின் பெயர் ‘அந்தராக்னி’. உள்ளே எரியும் நெருப்பு என்று பொருள். ரகு தீட்சித்தும் வயலின் கலைஞர் எச்.என். பாஸ்கரும் அதைத் தொடங்கினர். தீட்சித் மைசூரில் வளர்ந்தவர், நுண்ணுயிரியலில் முதுகலைப் பட்டம் பெற்றவர், முறையாகப் பரதநாட்டியம் பயின்றவர். ஆண்பிள்ளைக்கு நடனமா என்ற ஏளனத்துடன் கல்லூரியில் எழுந்த ஒரு பந்தயத்துக்காகவே கிதாரைக் கையிலெடுத்ததாக அவர் கூறியிருக்கிறார். கேலி செய்தவருக்குக் கன்னட இசையுலகம் ஓரளவு கடன்பட்டிருக்கிறது! பின்னர் பணிநிமித்தம் பெல்ஜியத்தில் வாழ்ந்தபோது அங்கு ஒரு வானொலி அவருடைய பாடலை ஒலிபரப்பியது. அவர் வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பினார்.

2005ஆம் ஆண்டளவில் பழைய குழு கலைந்தது. அதன்பின் உருவானது ‘ரகு தீட்சித் ப்ராஜெக்ட்’. கலைஞர்கள் வரலாம், போகலாம் என்னும் திறந்த வீடாக அது அறிவிக்கப்பட்டது. இம்மாற்றத்தைப் பலரும் நிர்வாக ஏற்பாடாகவே கடந்து செல்கின்றனர். ஆனால் கூட்டுப் பெயர் நீங்கித் தனிமனிதர் பெயர் தலைப்பில் ஏறுவது ஒரு குழுவின் வரலாற்றில் சிறிய செய்தியன்று. விஜய் ஜோசப்பின் கிதாரும் கௌரவ் வாஸின் பேஸ் கிதாரும் இல்லாமல் அந்த ஒலி இல்லை. எனினும் சுவரொட்டியில் இடம்பெற்றது ஒரே பெயர்தான். ஒலிப்பதிவு நிறுவனங்கள் ஆண்டுக்கணக்கில் மறுத்த பாடல்களை, விஷால்–சேகர் இரட்டையர் தங்கள் நிறுவனத்தின் வழியே 2008இல் வெளியிட்டனர். அத்தொகுப்பின் தலைப்பில் ‘அந்தராக்னி’ என்னும் பழைய பெயரும் இடம்பெற்றது.

அத்தொகுப்பில் இந்தி, கன்னடம், ஆங்கிலம் மூன்றும் உண்டு. மைசூரைப் பெயரிலேயே தாங்கிய ‘மைசூர் சே ஆயி’ இந்தித் தலைப்பு கொண்டது என்பது சற்றே வேடிக்கை. மொழியியல் நோக்கில் தனிக்கவனம் கோருபவை இரு கன்னடப் பாடல்கள்: ‘சோருதிஹுது மனிய மாளிகி’, ‘குடுகுடிய சேதி நோடோ’. இரண்டும் வட கர்நாடகத்தின் சிசுநாள ஷரீபர் (1819–1889) இயற்றிய தத்துவப் பதங்கள். இசுலாமியக் குடும்பத்தில் பிறந்து கோவிந்தபட்டரைக் குருவாகக் கொண்ட அவரை நம் குணங்குடி மஸ்தானுக்கு அருகில் வைத்து எண்ணலாம்.

முதல் பாடலின் தலைப்பைத் தமிழ்ச் செவி கூர்ந்து கேட்க வேண்டும். ‘சோரு’ என்பது நம் ‘சோர்’. ‘கண்ணீர் சோர’ என்னும்போது அதே ஒழுகல்தான். ‘மனி’ என்பது மனை. பழைய மைசூர்ப் பகுதி ‘மனெ’ என்று ஒலிப்பதைத் தார்வாடப் பகுதி ‘மனி’ என்கிறது. ‘மாளிகி’ மட்டும் ஏமாற்றும். நமக்கு மாளிகை அரண்மனை. அவர்களுக்கோ அது மண்வீட்டின் கூரைத் தளம். ஆக, வீட்டுக்கூரை ஒழுகுகிறது என்பதே தலைப்பின் பொருள். அவ்வீட்டை உடலாகக் கொண்டு வாசிப்பது மரபு.

மைசூரில் வளர்ந்த ஒரு பாடகர் தம் ஊரின் செம்மையான வழக்கை விடுத்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வடக்கே வழங்கும் ஒலியைத் திருத்தாமல் பாடினார். ‘மனி’யை ‘மனெ’ ஆக்கவில்லை. குழுவின் கலைத்துணிவு அதன் மின்கிதாரில் இருந்ததைவிட இந்த ஓர் உயிரொலியில் அதிகம் இருந்தது எனலாம். ஷரீபரை நகரத்துக்குக் கொண்டுவந்த முன்னோடி சி. அஸ்வத் என்பதையும் இங்கே மறக்கலாகாது. 1990இல் வெளிவந்த ‘சந்த சிசுநாள ஷரீபா’ திரைப்படத்தின் இசை அவருடையது. அவர் வீட்டுக்கூடம்வரை கொண்டுவந்த பதங்களைக் கல்லூரி விழா மேடைக்கு நகர்த்தியதே இக்குழுவின் பணி.

வெளிநாட்டு வெற்றிகள் விரைவாக வந்தன. 2010இல் பிபிசியின் ஜூல்ஸ் ஹாலந்து நிகழ்ச்சி. 2011இல் கிளாஸ்டன்பரி விழாவும் ‘சாங்லைன்ஸ்’ இதழின் புதுவரவு விருதும். வண்ண லுங்கியும் காற்சலங்கையும் அணிந்து தீட்சித் மேடையேறியதை ஆங்கிலேயர் வேடிக்கையாகக் கண்டிருக்கலாம். சலங்கைக்குப் பின்னால் பரதப் பயிற்சியும் அந்தப் பழைய ஏளனமும் இருந்தன.

2013இல் வந்த ‘ஜக் சங்கா’வின் ஒலி மெருகேறியது, வாத்தியங்கள் பெருகின, இந்தித் தலைப்பு அட்டையில் ஏறியது. பரந்த சந்தைக்கு அது தேவையாயிருந்திருக்கலாம். எனினும் முதல் தொகுப்பின் கரடுமுரடான நெருக்கம் அதில் குறைவு. ‘லோகத காளஜி’ ஒலிக்கும் இடத்தில்தான் குழு தன் பழைய குரலை மீட்கிறது. அதுவும் ஷரீபரின் பதமே.

குழுவைத் தொடங்கிய இருவரில் பாஸ்கர் இன்று கர்நாடகக் கச்சேரிகளில் பக்கவாத்தியமாக வயலின் வாசிப்பவராகவே பெரிதும் அறியப்படுகிறார். சென்னை மார்கழி சபைகளில் அவர் வாசிப்பைக் கேட்போரில் எத்தனை பேர் ‘சோருதிஹுது’ கேட்டிருப்பர் என்பது வேறு.