பெட்டிக்குள் இருந்தவர்கள்

நம் நாட்டில் தொலைக்காட்சி வளர்ந்த கதையை எழுதுவோர் பெரும்பாலும் நிலையங்களின் கதையையே எழுதிச் செல்கின்றனர். 1959-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தில்லியில் சோதனை முறையில் அது தொடங்கிற்று. 1972-இல் பம்பாய்க்கு வந்தது. 1975 ஆகஸ்டு 15-இல் சென்னை நிலையம் திறக்கப்பெற்றது. 1982-இல் வண்ணம் பூண்டது. இவையெல்லாம் மெய்யே. ஆயினும் அனுப்பியவர் பக்கத்துக் கணக்கு இது. பெற்றவர் பக்கத்துக் கணக்கு ஒன்றும் உண்டு. அப்பெட்டியை முதன்முதலாகக் கண்ட பிள்ளைகள் அதைப்பற்றி என்ன எண்ணினார்கள் என்பதை ஏட்டில் ஏற்றியவர் மிகச் சிலர். சிரித்துவிட்டு மறந்துவிடுகிறோம்.

1984 முதல் ஏழாண்டுகள் சவ்வாது மலையில் ஆசிரியப் பணி புரிந்தவன் நான். அங்கே பிள்ளைகள் சொல்லக் கேட்டவற்றுள் சிலவற்றை இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அந்நாளில் மலை முழுவதும் பிரிக்கப்படாத வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இன்று திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என்னும் மாவட்டங்களுக்கிடையே பங்கிட்டுக் கிடக்கிறது. சந்தன மரத்துக்குப் பேர்போன காடு; சாமையும் தினையும் விளையும் கொல்லைகள்; மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள். இவர்கள் பேசுவது தமிழே. மலையை ஆள்பவர் என்பதே பெயரின் பொருள் என்று அவர்கள் சொல்வர். காவலூரில் வானாய்வு நிலையம் ஒன்று உண்டு. வேணு பாப்பு என்னும் வானியல் அறிஞர் தேடித் தேர்ந்த இடம் அது. 1968-இலேயே அங்குத் தொலைநோக்கி அமைந்துவிட்டது. ஏன் இந்த மலையைத் தேர்ந்தார்? தெற்கு வானம் நன்கு தெரியும். இரவு நல்ல இருளாக இருக்கும். நகரத்து விளக்குகள் எட்டாத அந்த இருள் விண்மீன் ஆராய்வோருக்குச் செல்வம். ஊராருக்கோ அது மின்சாரம் வராத குறை. ஒரே இருளுக்கு இரண்டு விலை!

தொலைக்காட்சி அலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வது. எதிரே மலை நின்றால் மறுபக்கத்துப் பள்ளத்தில் படம் விழாது. சென்னையோ 150 கிலோமீட்டருக்கு அப்பால். 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம் அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் துணையால் ஆறு மாநிலங்களில் 2400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி காட்டினார்களே, அந்தப் பட்டியலில் தமிழகம் இல்லை. 1983-இல் இன்சாட் 1-பி விண்ணேறிய பின்னரே நாடெங்கும் சிறு ஒளிபரப்பு நிலையங்கள் விரைந்து பெருகின. எங்கள் ஊருக்குப் பொதுவாக ஒரு பெட்டி வந்தது அக்காலத்தில்தான். ஊர்மேட்டில் நெட்டை மூங்கில் ஒன்றை நட்டு, அதன் உச்சியில் ஆன்டெனாவைக் கட்டினார்கள். காற்றடித்தால் மூங்கில் திரும்பும். மூங்கில் திரும்பினால் படம் ஓடிவிடும். ஆகவே அதைப் பிடித்துக்கொண்டு நிற்க ஒரு பையன் நியமனம் பெற்றான். படத்தைத் தருபவன் தானே என்பது அவன் கொள்கை. அது முழுப் பொய் என்று என்னால் சொல்ல இயலவில்லை.

முதற்கேள்வி உணவைப் பற்றியது. பெட்டிக்குள் இத்தனை பேர் இருக்கிறார்களே, இவர்கள் எப்போது சாப்பிடுகிறார்கள்? ஒரு சிறுமி கேட்டதோடு நில்லாமல், ஒரு பிடி சாமைச்சோற்றைப் பெட்டியின் பின்புறத் துளைகள் வழியே தள்ளிவிட்டாள். மறுநாள் எறும்புகள் சாரை சாரையாக உள்ளே போயின. “பார்த்தீர்களா ஐயா, எறும்புக்கே உள்ளே வழி இருக்கிறது” என்றாள். பழுது பார்க்க அடிவாரத்திலிருந்து ஆள் வரவேண்டியதாயிற்று.

அடுத்தது செய்தி வாசிப்பவரைப் பற்றியது. அவர் நேரே நோக்கி “வணக்கம்” என்பார். கூட்டத்தில் பாதிப்பேர் கைகூப்பித் திருப்பி வணங்குவர். சிறுவர் எவரும் அவர்முன் காலை நீட்டி அமர மாட்டார்கள். “அவர் நம்மைப் பார்க்கவில்லை” என்று ஒருநாள் விளக்கினேன். ஒன்பது வயதுப் பையன் ஒருவன் கேட்டான்: “பார்க்காமலா வணக்கம் சொல்கிறார்? ஆள் இல்லாத இடத்தில் வணக்கம் சொல்கிறவரை எங்கள் ஊரில் வேறு பெயர் சொல்லுவார்கள்.” இதற்கு மறுமொழி கூறுவது எளிதன்று. வானொலி நிலையத்துத் தனியறையில் அமர்ந்து இப்பேச்சை நிகழ்த்தும் எனக்கு அப்பையனின் முகம் நினைவுக்கு வருகிறது!

இரவு ஏறக்குறைய எட்டரை மணிக்குமேல் தில்லி நிகழ்ச்சி தொடங்கும். தமிழ் நின்று இந்தி பேசும். இம்மாற்றத்துக்குப் பிள்ளைகள் கண்ட விளக்கம் மிக அழகியது. தமிழ் பேசுபவர்கள் பகல்முறைக்காரர்கள். வேலை முடிந்து உறங்கப் போய்விட்டார்கள். இந்தி பேசுபவர்கள் இரவுமுறைக்காரர்கள். காவலூரில் வேலை செய்வோர் பகலில் உறங்கி இரவெல்லாம் விழித்திருப்பதை அவர்கள் அறிவர். தெரிந்ததைக் கொண்டு தெரியாததை அளந்தார்கள், அளவுகோலில் குற்றமில்லை.

ஒளிபரப்பு இடையே தடைப்பட்டால் “தடங்கலுக்கு வருந்துகிறோம்” என்னும் எழுத்து திரையில் நிற்கும். எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றுவந்த பிள்ளைகளுக்கு எங்கள் பாடநூலைவிட அதுவே நன்கு மனப்பாடம். பள்ளிக்குப் பிந்தி வந்த ஒரு மாணவன் வாயிலில் நின்று, காரணம் ஒன்றும் கூறாமல், “தடங்கலுக்கு வருந்துகிறோம்” என்றான். பன்மையில் சொன்னான் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

ஒன்றில் மட்டும் மலைப்பிள்ளைகள் சிறிதும் ஏமாறவில்லை. திரைப்படத்தில் இறந்தவர் மறுவாரம் உயிரோடு வந்தால் நகரத்துச் சிறுவர் திகைப்பதுண்டு. இவர்கள் திகைக்கவில்லை. அடிவாரத்து ஊர்களில் பாரதக் கூத்து பார்த்துப் பழகியவர்கள். படுகளத்தில் மாண்ட துரியோதனன் விடிந்ததும் அரிதாரத்தைக் கலைத்துவிட்டுத் திண்ணையில் தேநீர் அருந்துவதைக் கண்டவர்கள் திரைச்சாவுக்கு ஏன் கலங்க வேண்டும்?

இக்கதைகளை அடிவாரத்து நண்பர் சிலரிடம் நான் சொன்னபோது, “மலைச்சனங்கள்தானே!” என்று நகைத்தார்கள். அந்நகைப்பு எனக்கு அன்றும் உவப்பாயில்லை, இன்றும் இல்லை. இது மலைக்கு உரிய குறையா? 1957 ஏப்ரல் முதல் நாளன்று இலண்டன் பி.பி.சி. தொலைக்காட்சியில், சுவிட்சர்லாந்தில் மரங்களிலிருந்து ஸ்பாகெட்டியைப் பறித்து அறுவடை செய்வதாகக் காட்டினார்கள். ஸ்பாகெட்டி என்பது கோதுமை மாவில் செய்யும் நூல்போன்ற உணவு. நம் சேமியாவின் தமையன் எனலாம். கண்டவர்களுள் பலர், அம்மரத்தை வளர்ப்பது எவ்வாறு என்று நிலையத்தாரைக் கேட்டனர். அவர்கள் சிறுவர்களும் அல்லர், மலைவாழ்நரும் அல்லர். 1990-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்து உளவியலறிஞர் ஜான் பிளாவெலும் அவர் துணைவர்களும் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். தொலைக்காட்சியில் ஒரு கிண்ணம் நிறையச் சோளப்பொரி தெரிகிறது. பெட்டியைக் கவிழ்த்தால் பொரி கொட்டுமா? கொட்டும் என்றே மூன்று வயதுப் பிள்ளைகளுள் பெரும்பாலோர் விடையளித்தனர். பெட்டியோடு பிறந்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். சாமைச்சோறு ஊட்டிய சிறுமி அவர்களுக்கு எவ்வகையில் தாழ்ந்தவள்?

பெரியவர்களையும் விட்டுவிடலாகாது. 1987 சனவரியில் இராமானந்த சாகரின் இராமாயணம் ஞாயிறு காலைகளில் வரத் தொடங்கியபோது, நாட்டின் பல பகுதிகளில் பெட்டிக்கு மாலை சூட்டி வழிபட்டனர். எங்கள் ஊரிலும் கற்பூரம் ஏற்றிய முதியவர் ஒருவர் இருந்தார். அவர் பேத்திக்கு ஐயம் வேறு: இராமர் இந்தியில் பேசுகிறாரே, குகன் எப்படிப் புரிந்துகொண்டான்? முதியவர் என்னை நோக்கினார். நான் கூரையை நோக்கினேன்.

இனி, புள்ளி மழையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அலை கிட்டாதபோது திரையெங்கும் வெள்ளைப் புள்ளிகள் இரைச்சலோடு கொட்டும் அன்றோ? “சென்னையில் மழை” என்று ஒரு சாரார் கூறினர். மற்றொரு பையன் வேறு கொள்கை கொண்டான். எங்கள் ஊர்மேட்டிலிருந்து பார்த்தால் காவலூரின் வெள்ளைக் கும்மட்டம் தெரியும். 1986 சனவரி 6-ஆம் நாள் பிரதமர் இராசீவ் காந்தி அங்கே புதிய பெரிய தொலைநோக்கியைத் தொடங்கிவைத்தார். அதன் ஆடி 2.3 மீட்டர் அகலம்; அத்தொலைநோக்கி நம் நாட்டிலேயே உருவானது. அக்கும்மட்டம் திறப்பதே வானத்திலிருந்து தொலைக்காட்சிப் படங்களைப் பிடிப்பதற்குத்தான் என்றும், சிந்தியவை எங்கள் பெட்டியில் புள்ளியாக விழுகின்றன என்றும் அவன் சாதித்தான்.

கும்மட்டத்தைப்பற்றி அவன் கூறியது பிழை. அது விண்மீன்களின் ஒளியைத் திரட்டுவது. தொலைக்காட்சிக்கும் அதற்கும் உறவில்லை. ஆனால் புள்ளிகள்? அவற்றுட் பெரும்பகுதி கருவியின் சொந்த இரைச்சலாலும் அருகிலுள்ள மின்பொறிகளாலும் எழுவது. ஒரு சிறு பங்கு மெய்யாகவே வானிலிருந்து வருவது. பிரபஞ்சம் தோன்றிய இளங்காலத்து வெப்பத்தின் எச்சம் அது. அமெரிக்காவில் பென்சியாஸ், வில்சன் என்னும் இருவர் தம் பெரிய அலைவாங்கியில் ஓயாத ஓர் இரைச்சலைக் கேட்டு, அதில் கூடு கட்டியிருந்த புறாக்களின் எச்சமே காரணமாகலாம் என ஐயுற்றுத் துடைத்தும் பார்த்தனர். இரைச்சல் ஓயவில்லை. 1965-இல்தான் உண்மை வெளியாயிற்று. 1978-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. நோபல் பரிசு பெற்றோர் முதலில் புறாவை ஐயுற்றனர். சவ்வாது மலைச் சிறுவன் வானத்தையே ஐயுற்றான்.

இன்று தூர்தர்சனத்தின் பழைய தரைவழி ஒளிபரப்பு நிலையங்களுள் பெரும்பாலானவை மூடப்பட்டுவிட்டன. 2006-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தால் தமிழகத்தில் ஒரு கோடிக்கு மேற்பட்ட குடும்பங்கள் வண்ணப்பெட்டி பெற்றன. ஊர்மேட்டு மூங்கிலுக்கு வேலை இல்லை. அலை இல்லாவிட்டால் இக்காலத் திரை நீலமாக நின்றுவிடுகிறது; புள்ளி மழையை மலைப்பிள்ளைகள் கண்டதே இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் சமுனாமரத்தூரில் என் பழைய மாணவர் ஒருவர் இல்லத்துக்குச் சென்றிருந்தேன். அவருடைய மூன்று வயது மகள் தொலைக்காட்சித் திரையில் தெரிந்த யானையை விரலால் இடப்பக்கம் தள்ளிப் பார்த்தாள். யானை நகரவில்லை. மீண்டும் அழுத்தித் தள்ளினாள். பிறகு தந்தையிடம் போய், “அப்பா, இது கெட்டுப்போச்சு, வேற வாங்கலாம்” என்றாள்.